ஏச்சும் பறிப்பும்: மூவார்த் தமிழரின் அன்றாட ஆங்கிலத்தில் சாயல் வினைகள்

ஆங்கில வினைச்சொற்களில் ஒரு வகை, செயலை மட்டும் சொல்லி நின்றுவிடுவதில்லை. அச்செயல் எவ்விதம் நடந்தது, எவ்வளவு வேகமாக நடந்தது, செய்தவரின் மனநிலை என்ன, சொல்பவர் அதை எப்படி மதிப்பிடுகிறார் என்பனவற்றையும் அவை ஒரே சொல்லுக்குள் அடக்கிக் கொள்கின்றன. 'வாக்' என்பது நடத்தல். 'லிம்ப்' என்பது நொண்டி நடத்தல். 'டேக்' என்பது எடுத்தல். 'ஸ்னாட்ச்' என்பது வெடுக்கென்று பறித்தல். 'ஸ்பீக்' என்பது பேசுதல். 'ஸ்கோல்ட்' என்பது தவறு செய்தவரைக் கோபத்தோடு கடிந்து பேசுதல். செயலோடு அதன் சாயலையும் சேர்த்தே உணர்த்துவதால், இவ்வகைச் சொற்கள் இக்கட்டுரையில் 'சாயல் வினைகள்' என்று குறிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்று, வேலையிடத்திலும் கடைவீதியிலும் பயன்படுத்தும் தமிழருக்கு இவற்றின் பொருள் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. ஆயினும் அவற்றை வாக்கியத்தில் அமைக்கும்போது தடுமாற்றம் நேர்கிறது. பொருள் தெரிந்த பிறகும் அத்தடுமாற்றம் ஏன் நேர்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இக்கேள்வியை ஆராய மூவார் பொருத்தமான களம். ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், மூவார் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் அமைந்த இந்நகரம், பண்டார் மகாராணி என்ற பெயரையும் 2012 முதல் அரச நகரம் என்ற தகுதியையும் உடையது. சுற்றுவட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட வந்தவர்களின் வழியினர் இங்குள்ள தமிழரில் கணிசமானோர். தோட்டங்கள் சுருங்கிய பின் அவர்களில் பலர் நகரத்துக் கடைகளுக்கும், இவ்வட்டாரத்துக்குப் பெயர் தேடித் தந்த தளவாடத் தொழிற்சாலைகளுக்கும், அலுவலகங்களுக்கும் பெயர்ந்தனர். ஜாலான் காலிடி தமிழ்ப்பள்ளி போன்ற பள்ளிகளில் தொடக்கக் கல்வி பெறும் ஒரு பிள்ளை, வீட்டில் தமிழும், வகுப்பில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும், கடைவீதியில் மலாயோடு ஹொக்கியனும் கேட்டு வளர்கிறது. ஒரே நிகழ்ச்சியை மூன்று நான்கு மொழிகள் வெவ்வேறு விதமாக வாக்கியமாக்குவதை அன்றாடம் கேட்கும் அப்பிள்ளையின் ஆங்கிலத்தில், அம்மொழிகள் ஒவ்வொன்றின் தடமும் பதிகிறது.

சாயல் அமரும் இடம்

ஆற்று முகத்தை நோக்கி ஒரு படகு நீரோட்டத்தின் போக்கில் செல்வதாகக் கொண்டால், ஆங்கிலம் அதை 'த போட் டிரிஃப்டட் இன்டு த ரிவர்மவுத்' என்று சொல்லும். இதில் முற்றுவினையாகிய 'டிரிஃப்டட்', படகு தன் முயற்சியின்றி மிதந்து நகர்ந்த விதத்தைச் சொல்கிறது. உள்ளே சென்றது என்ற திசையோ 'இன்டு' என்ற சிறு சொல்லில் இருக்கிறது. தமிழில் இதே நிகழ்ச்சி 'படகு நீரோட்டத்தோடு மிதந்து ஆற்று முகத்துக்குள் நுழைந்தது' என்று அமையும். இங்கே முற்றுவினையாகிய 'நுழைந்தது' திசையைச் சொல்ல, விதத்தைச் சொல்லும் பொறுப்பு 'மிதந்து' என்ற வினையெச்சத்துக்குப் போய்விடுகிறது. உலக மொழிகளை இந்த அடிப்படையில் வகைப்படுத்தியவர் அமெரிக்க மொழியியலறிஞர் லெனர்ட் டால்மி. 1985இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, ஆங்கிலம் போன்ற மொழிகள் விதத்தை வினைப்பகுதியிலேயே வைக்கின்றன என்றும், ஸ்பானியம் போன்ற மொழிகள் திசையை வினைப்பகுதியில் வைத்து விதத்தை வெளியே நிறுத்துகின்றன என்றும் காட்டியது. தமிழின் இயல்பான வாக்கியப் போக்கு இரண்டாம் வகையோடு ஒத்துப்போகிறது. சொற்களே இல்லாத ஒரு படக்கதையைப் பல நாட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கதை சொல்லச் செய்த டான் ஸ்லோபினும் அவருடைய குழுவினரும், ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் நகர்வின் விதத்தைச் சொல்லும் வினைகளை ஸ்பானியப் பிள்ளைகளைவிட அதிக வகைகளில் கையாண்டதைக் கண்டனர்.

விதத்தை முற்றுவினையில் வைக்காததால் தமிழ் சாயல் குன்றிய மொழி என்று கொள்வது பெரும் பிழையாகும். விறுவிறுவென நடத்தல், குடுகுடுவென ஓடுதல், தத்தித் தத்தி வருதல், பதுங்கிப் பதுங்கிச் செல்லுதல், காலை இழுத்து இழுத்து நடத்தல் எனத் தமிழ், இரட்டைக்கிளவியாலும் அடுக்கிய வினையெச்சத்தாலும் நுணுக்கமான வேறுபாடுகளைக் காட்டுகிறது. இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே பேசுகிறது. உரியியலில் இசை, குறிப்பு, பண்பு என்ற மூன்றையும் உரிச்சொல்லின் களங்களாக வகுக்கிறது. 'என' என்ற இடைச்சொல் சேரும் ஆறு இடங்களில் குறிப்பையும் இசையையும் சேர்த்து எண்ணுகிறது. இங்குக் குறிப்பு என்பது கண்ணால் காணவோ காதால் கேட்கவோ இயலாமல் மனத்தால் மட்டும் உணரப்படுவது. தற்கால மொழியியல் இத்தகைய சொற்களைத் தனிச் சொல்வகையாக ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆனது. பேராக், பகாங் மாநிலங்களில் வாழும் செமாய் பூர்வகுடியினரின் மொழியை 1970களில் ஆராய்ந்த ஜெரார்ட் டிஃப்லோத், அம்மொழியின் உணர்வுச் சொற்கள் பெயர், வினை ஆகியவற்றுக்கு நிகரான தனி வகை என்று நிறுவினார். இந்திய மொழிகள் பலவற்றிலும் இத்தகைய இரட்டைச் சொற்கள் பொதுப் பண்பாக விளங்குவதை மர்ரே எமனோ 1969இல் ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார். எனவே மூவார்த் தமிழர் ஆங்கிலச் சாயல் வினைகளை அணுகும்போது அவர்களிடம் சாயல் அறிவு முன்பே நிறைந்திருக்கிறது; அது அமரும் இடந்தான் வேறு.

இந்த இடமாற்றத்திலிருந்து மூன்று விதப் பிழைகள் பிறக்கின்றன. முதலாவது, விதத்தை முற்றிலும் வினைக்கு வெளியே வைத்து, எல்லாவற்றையும் 'வாக்', 'ஸே', 'கோ' என்ற பொது வினைகளாலும் அவற்றுக்குப் பின் வரும் அடைமொழிகளாலும் சொல்லிவிடுதல்; இது இலக்கணப் பிழையன்று, எனினும் நடையை வறிதாக்கும். இரண்டாவது, சாயல் வினையையே எடுத்தாண்ட பின்னும் தமிழ்ப் பழக்கத்தால் அடைமொழியையும் சேர்த்து, 'ஷவுட்டட் லவுட்லி', 'விஸ்பர்ட் ஸாஃப்ட்லி' என்று கூறியது கூறுதல். கத்துதல் உரக்கத்தான் நடக்கும், கிசுகிசுத்தல் மெல்லத்தான் நடக்கும் என்பதால் அடைமொழி அங்கே மிகையாகிறது. மூன்றாவது, 'ஓடிப் போனான்' என்ற தொடரைப் பிரித்து 'ஹி ரன் அண்ட் வென்ட்' என்று இரண்டு வினைகளாக்குதல். ஆங்கிலம் இங்கே 'ரேன் அவே' என்று ஒரு வினையும் ஒரு திசைச்சொல்லுமாக முடித்துக்கொள்ளும்.

ஒரு சொல்லுக்கு ஒரு நிகர்ச்சொல் என்று மனப்பாடம் செய்வதும் இங்குப் பயன்படுவதில்லை. தமிழில் முதுமையால் தள்ளாடுபவர், சுமையால் தள்ளாடுபவர், குடித்துவிட்டுத் தள்ளாடுபவர் ஆகிய மூவருக்கும் 'தள்ளாடு' என்ற ஒரு வினை போதும். ஆங்கிலத்தில் சுமையும் குடியும் அடியும் தரும் தள்ளாட்டம் 'ஸ்டேகர்'. முதுமையின் நடுக்கமான நடை 'டாட்டர்'. நடை பழகும் குழந்தையின் தத்தல் 'டாட்ல்'. கோயில் படியேறி வரும் ஒரு பெரியவரை 'ஸ்டேகர்ட்' என்று எழுதினால், அவர் குடித்திருந்தார் என்றோ அடிபட்டிருந்தார் என்றோ படிப்பவர் நினைக்க இடமுண்டு. அகராதியில் 'தள்ளாடு' என்ற பொருள் சரியாகவே இருக்கும். தவறுவது, அச்சொல்லுக்கு உரிய ஆளும் சூழலும்.

மனப்பாங்கைச் சொல்லும் துணைவினைகள்

விதத்தைத் தவிர, சொல்பவரின் மதிப்பீடும் சாயல் வினைகளில் அடங்குகிறது. தமிழில் இப்பணியைத் துணைவினைகள் செய்கின்றன. 'எழுதினான்' என்பது வெறும் செய்தி. 'எழுதித் தள்ளினான்' என்றால் அளவின் மிகுதியும், 'எழுதித் தொலைத்தான்' என்றால் சொல்பவரின் சலிப்பும், 'எழுதிக் கிழித்தான்' என்றால் அவன் எதுவும் எழுதவில்லை என்ற ஏளனமும் புலப்படுகின்றன. தமிழ் வினைகளின் இந்த விரிவாக்கத்தை இ. அண்ணாமலை 1985இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் முறையாக ஆராய்ந்து, இத்துணைவினைகளில் ஒரு பகுதி காலத்தையோ நிலையையோ உணர்த்தாமல் பேசுபவரின் மனப்பாங்கையே உணர்த்துகிறது என்று காட்டினார்.

ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக வேறு வினையைத்தான் தேடவேண்டும். 'எழுதித் தள்ளினான்' என்பதற்கு 'சர்ன்ட் அவுட்' நெருங்கி வரும். ஆனால் ஆங்கிலத் தொடரில் தரத்தைப் பற்றிய மெல்லிய இளக்காரம் ஒட்டியிருக்க, தமிழ்த் தொடர் வியப்பாகவும் ஒலிக்கக்கூடும். 'தின்று தீர்த்தான்' என்பதற்குப் 'பாலிஷ்ட் ஆஃப்' பொருந்தும். அது தட்டைக் காலி செய்ததைச் சொல்லுமே தவிர, தின்றவனைக் குறைகூறாது. 'எழுதிக் கிழித்தான்' என்ற ஏளனத்துக்கு ஆங்கில வினை எதுவும் துணை நிற்காது. குரலோ தனி வாக்கியமோதான் அதைத் தாங்கவேண்டும்.

இதற்கு எதிர்த்திசையில் நடப்பதும் கவனிக்கத்தக்கது. ஆங்கில வினை தமிழ்ப் பேச்சில் நுழையும்போது 'பண்ணு' என்ற வினையைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது: 'ஸ்கோல்ட் பண்ணாங்க', 'டிஸ்கஸ் பண்ணினோம்', 'எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்க'. அப்போது ஆங்கிலச் சொல் தன் வடிவ மாற்றங்களையும், தன்னோடு வரவேண்டிய இடைச்சொற்களையும் இழந்து, தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்கிறது. 'அதைப் பத்தி டிஸ்கஸ் பண்ணினோம்' என்று நாள்தோறும் பேசுபவர் ஆங்கிலத்தில் எழுதும்போது 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்று எழுதுவதும், 'எனக்கு எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்க' என்பவர் 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று கேட்பதும் இதன் விளைவுகள். சொல் ஆங்கிலமாகவே இருக்க, வாக்கியச் சட்டம் தமிழாகிவிடுகிறது. 'டிஸ்கஸ்' இடைச்சொல் வேண்டாத வினை என்பதையும், 'எக்ஸ்ப்ளெயின்' கேட்பவரை 'டு' என்ற சொல்லோடு மட்டுமே ஏற்கும் என்பதையும், 'பண்ணு'வோடு சேர்ந்து புழங்கிய சொல் நினைவூட்டுவதில்லை.

ஏசுதல், மாரா, ஸ்கோல்ட்

மலேசியப் பேச்சில் மிகுதியாகப் புழங்கும் சாயல் வினைகளில் 'ஸ்கோல்ட்' முதன்மையானது. பிரிட்டிஷ் வழக்கில் இச்சொல்லின் எல்லை குறுகியது. பெரியவர் சிறுவரையோ, பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ்ப்பட்டவரையோ, செய்த தவற்றுக்காகக் கோபத்தோடு கடிவதே அது. இன்றைய பேச்சில் அது சற்றுப் பழைய சொல்லாகவும் ஒலிப்பதால் 'டெல் ஆஃப்' என்ற தொடர் அதன் இடத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது. வாக்கியச் சட்டமும் தெளிவானது: ஏசப்படுபவர் நேரடிச் செயப்படுபொருளாக வருவார், காரணம் 'ஃபார்' என்ற இடைச்சொல்லோடு வரும். 'த டீச்சர் ஸ்கோல்டட் மீ ஃபார் கமிங் லேட்' என்பது அதன் இயல்பான வடிவம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதே சொல் வெகுவாக விரிந்திருக்கிறது. வாடிக்கையாளர் கடை ஊழியரை 'ஸ்கோல்ட்' செய்கிறார்; ஊழியர் முதலாளியையே 'ஸ்கோல்ட்' செய்கிறார்; கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவதும் 'ஸ்கோல்ட்' ஆகிறது. தமிழரைப் பொறுத்தவரை இவ்விரிவு இயல்பாக அமைந்துவிட்டதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 'திட்டு' என்று வழங்குமிடத்தில் மலேசியத் தமிழில் 'ஏசு' பெருவழக்காக இருக்கிறது; யாழ்ப்பாணத் தமிழிலும் அது பெருவழக்கே. அம்மா ஏசினார் என்றால் கண்டிப்பு. தெருவில் போகிறவன் ஏசினான் என்றால் வசை. கண்டிப்பையும் வசையையும் ஒரே வினையால் சொல்லிப் பழகியவருக்கு, விரிந்த 'ஸ்கோல்ட்' தம் சொல்லின் சரியான நிழலாகவே தோன்றும்.

மலாய் மொழி இன்னொரு பாதையைத் திறக்கிறது. மலாயில் 'மாரா' என்ற சொல் கோபம் என்ற நிலையையும், பேச்சு வழக்கில் கோபித்துக் கடிதல் என்ற செயலையும் குறிக்கும். 'சிகு மாரா சாயா' என்றால் ஆசிரியர் என்னை ஏசினார் என்று பொருள். இந்தச் சட்டத்தை அப்படியே ஆங்கிலத்தில் வார்த்தால் 'டீச்சர் ஆங்கிரி மீ' என்ற வாக்கியம் பிறக்கிறது. ஆங்கிலத்தில் 'ஆங்கிரி' நிலையைக் குறிக்கும் அடைமொழியே அன்றி வினையன்று. அதற்கு முன் 'வாஸ்' போன்ற வினையும், பின்னர் ஆளைக் குறிக்க 'வித்' என்ற இடைச்சொல்லும் தேவை. மேலும், ஒருவர் கோபமாக இருந்தார் என்பதும் கோபத்தை வாய்விட்டுச் சொன்னார் என்பதும் ஆங்கிலத்தில் வேறு வேறு செய்திகள்.

ஏச்சுக்கு ஆளானவரின் பக்கமிருந்து சொல்லும்போது மூன்று மொழிகளும் காட்டும் ஒற்றுமை வியப்பூட்டுவது. மலாயில் துன்பமான ஒன்றுக்கு ஆளாவதைக் 'கெனா' என்ற சொல் உணர்த்துகிறது. போக்குவரத்து அபராதம் பெற்றவர் 'கெனா சாமான்' என்பார். இச்சொல் பேச்சுவழக்கு மலேசிய ஆங்கிலத்துக்குள் வந்து 'ஐ கெனா ஸ்கோல்ட்' என்ற வாக்கியத்தைத் தந்தது. தமிழில் 'ஏச்சு வாங்கினேன்', 'அடிபட்டேன்', 'உதைபட்டேன்' என்று 'வாங்கு', 'படு' ஆகிய வினைகள் இதே வேலையைச் செய்கின்றன. பொதுவழக்கு ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கியது 'காட்' என்ற சொல்லோடு வரும் செயப்பாட்டு வாக்கியம்: 'ஐ காட் ஸ்கோல்டட்', அல்லது 'ஐ காட் டோல்ட் ஆஃப்'. பாதிப்பை உணர்த்தும் செயப்பாட்டுவினையைத் தமிழரும் மலாய்க்காரரும் முன்பே அறிந்திருப்பதால், 'கெனா' இருக்குமிடத்தில் 'காட்' என்பதை வைத்து, பின்வரும் வினையை இறந்தகால எச்ச வடிவுக்கு மாற்றினால் போதுமானது. விதியாகப் படிக்கும்போது கடினமாகத் தோன்றும் ஒன்று, ஒப்பீட்டில் எளிதாகிறது.

உள்ளூர் வழக்கை வெறும் பிழை என்று தள்ளுவதும் சரியன்று. ஜான் பிளாட், ஹைடி வெபர் ஆகியோர் 1980இல் சிங்கப்பூர், மலேசிய ஆங்கிலத்தைப் பற்றி எழுதிய நூலும், லோகா பாஸ்கரன் 2005இல் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக வெளியிட்ட மலேசிய ஆங்கில அறிமுக நூலும், இவ்வழக்குக்கு ஒழுங்கான அமைப்பு உண்டு என்பதை எடுத்துக்காட்டுகின்றன. மூவாரில் நண்பர்களுக்குள் 'பாஸ் ஸ்கோல்ட் மீ' என்பது முழுமையாகப் புரியும் வாக்கியம். ஆனால் வெளிநாட்டு வணிகருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'த கஸ்டமர் ஸ்கோல்டட் மீ' என்று எழுதினால், படிப்பவரின் மனத்தில் வாடிக்கையாளர் ஆசிரியராகவும் எழுதியவர் மாணவராகவும் தோன்றக்கூடும். அங்கே 'ஷவுட்டட் அட் மீ' என்பது பொருந்தும். அதுபோலவே, நிறுவனம் எழுத்து மூலம் கண்டித்தால் 'ரெப்ரிமாண்ட்'. ஒரே சிறு விஷயத்தைத் தொணதொணத்துக்கொண்டே இருந்தால் 'நேக்'. கெட்ட வார்த்தையால் திட்டினால் 'ஸ்வேர் அட்'. ஏசுபவருக்கும் ஏசப்படுபவருக்கும் உள்ள உறவே வினையைத் தேர்ந்தெடுக்கிறது.

பிடித்தல், பறித்தல், திருடுதல்

சாயல் வினைகளின் வாக்கியச் சட்டத்தைத் தெளிவாகக் காட்டுபவை கையால் செய்யும் செயல்களைக் குறிப்பவை. சார்ல்ஸ் ஃபில்மோர் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அடித்தலையும் உடைத்தலையும் மட்டுமே எடுத்துக்கொண்டு, வினையின் பொருள் அதன் இலக்கணத்தை எப்படி முடிவு செய்கிறது என்று விளக்கியது. 'ஐ ஹிட் ஹிஸ் லெக்' என்றும், 'ஐ ஹிட் ஹிம் ஆன் த லெக்' என்றும் சொல்லலாம். 'ஐ ப்ரோக் ஹிஸ் லெக்' என்று சொல்லலாமே அன்றி, 'ஐ ப்ரோக் ஹிம் ஆன் த லெக்' என்று சொல்ல இயலாது. அடித்தல் ஆளைத் தொடும் செயல். உடைத்தல் பொருளின் நிலையை மாற்றும் செயல். தமிழும் இவ்வேறுபாட்டைக் காக்கிறது: 'அவனைக் காலில் அடித்தேன்' என்பது இயல்பு, 'அவனைக் காலில் உடைத்தேன்' என்பது தமிழாகாது. இவ்வளவு ஒத்துப்போகும் இடத்தில் மாணவருக்கு விதியை விளக்க ஆங்கில இலக்கண நூல் தேவையில்லை. அவருடைய தமிழ் உணர்வே போதும்.

ஒத்துப்போகாத இடங்களில்தான் கற்பித்தல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 'கிராப்' என்பது திடீரென்று, இறுக்கமாக, சற்று முரட்டுத்தனமாகப் பிடித்தல். 'அவன் கையைப் பிடித்தாள்' என்பதை 'ஷி கிராப்ட் ஹிஸ் ஆர்ம்' என்று சொல்லலாம். அவனையே முதன்மையாக்க விரும்பினால் 'ஷி கிராப்ட் ஹிம் பை த ஆர்ம்' என்று ஆங்கிலம் சொல்லும். இந்த 'பை' என்ற சொல்லுக்குத் தமிழில் நேரான உருபு இல்லாததால் இரண்டாம் வடிவம் எளிதில் கைவருவதில்லை. இச்சொல்லுக்கு மலேசியாவில் இன்னொரு வாழ்வும் உண்டு. 2012இல் மைடெக்சி என்ற பெயரில் மலேசியாவில் தொடங்கிய வாடகைக்கார்ச் சேவை, 2016 முதல் கிராப் என்ற பெயரில் இயங்கிவருவதால், 'கிராப் எடுத்து வா' என்பது தமிழ்ப் பேச்சில் சாதாரணமாகிவிட்டது. அதிலுள்ள 'கிராப்' வண்டியின் பெயர். முரட்டுப் பிடியின் சாயல் அதில் எஞ்சவில்லை. நண்பரிடம் 'லெட்ஸ் கிராப் லஞ்ச்' என்பதும் சாயல் தேய்ந்த வழக்கே. அவசரமும் நெருக்கமும் கலந்த அப்பேச்சு, மூத்த அதிகாரிக்கு எழுதும் முறையான அழைப்பில் பொருந்தாது.

சாலையோரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பையைப் பறித்துச் செல்லும் குற்றத்தை மலாய் 'ராகுட்' என்றும், மலேசிய ஆங்கிலம் 'ஸ்னாட்ச் தெஃப்ட்' என்றும் வழங்குகின்றன. இவ்வினையில் ஓர் இடைச்சொல் நிகழ்ச்சியையே மாற்றிவிடும். 'ஹி ஸ்னாட்ச்ட் ஹெர் பேக்' என்றால் பை போய்விட்டது. 'ஹி ஸ்னாட்ச்ட் அட் ஹெர் பேக்' என்றால் பறிக்கப் பார்த்தான். பை கைக்கு வந்ததாக அவ்வாக்கியம் சொல்லவில்லை. முயற்சியைத் தமிழ் 'பார்' என்ற துணைவினையால் சொல்ல, ஆங்கிலம் 'அட்' என்ற ஒரே இடைச்சொல்லில் சொல்லிவிடுகிறது. கண்ட குற்றத்தை ஆங்கிலத்தில் விவரிப்பவருக்கு இவ்வேறுபாடு நடையழகைச் சேர்ந்ததன்று, உண்மையைச் சேர்ந்தது. இதே 'அட்' வேறு வினைகளோடு சேரும்போது பகைமையையும் காட்டும். 'த்ரூ த பால் டு மீ' என்றால் நான் பிடிப்பதற்காக எறிந்தான். 'த்ரூ த பால் அட் மீ' என்றால் என் மேல் படும்படி எறிந்தான். 'ஷவுட்டட் டு மீ' என்றால் தொலைவிலிருந்து கூப்பிட்டான். 'ஷவுட்டட் அட் மீ' என்றால் கோபத்தில் கத்தினான்.

பறிகொடுத்தவரையும் பறிபோன பொருளையும் வினைகள் வெவ்வேறு விதமாக முன்னிறுத்துகின்றன. 'ஸ்டீல்' என்ற வினைக்குச் செயப்படுபொருள் திருடப்பட்ட பொருள். 'ராப்' என்ற வினைக்குச் செயப்படுபொருள் பறிகொடுத்த ஆள். எனவே 'மை பேக் வாஸ் ஸ்டோலன்' என்பது சரி. 'ஐ வாஸ் ராப்ட்' என்பதும் சரி. 'மை பேக் வாஸ் ராப்ட்' என்பது தவறு. அடீல் கோல்ட்பர்க் 1995இல் வெளியிட்ட நூலில் இவ்விரு வினைகளையும் ஒப்பிட்டு, ஒரே நிகழ்ச்சியில் யார் மீது கவனம் விழவேண்டும் என்பதை வினையே தீர்மானிக்கிறது என்று விளக்கினார். தமிழில் 'நகையைக் கொள்ளையடித்தார்கள்', 'கடையைக் கொள்ளையடித்தார்கள்' என்று ஒரே வினை பொருளையும் இடத்தையும் ஏற்பதால், இப்பிழைக்கான வித்து தாய்மொழியிலேயே இருக்கிறது.

அகராதிகள் கண்ட வழி

வினையைச் சட்டத்தோடு கற்பிக்க வேண்டும் என்பதை ஆசிய வகுப்பறை அனுபவமே அகராதிக் கலைக்கு உணர்த்தியது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தாய்மொழியாளருக்கான அகராதிகள் மாணவருக்கு உதவாததைக் கண்டு, ஒவ்வொரு வினையும் ஏற்கும் வாக்கிய அமைப்பை 25 வகைகளாகப் பிரித்துக் குறித்த அகராதியைத் தம் சகாக்களோடு உருவாக்கினார். மூவாரை ஜப்பானியப் படை கைப்பற்றிய அதே 1942இல் அது ஜப்பானில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை மறுபதிப்பாக வெளியிட்ட பின், உலகெங்கும் மாணவர் அகராதிகளுக்கு முன்மாதிரியானது. 1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி இன்னொரு படி முன்னேறி, கணினியில் திரட்டிய இயல்பான வாக்கியங்களின் அடிப்படையில், பொருள் விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. யார் யாரைச் செய்வது வழக்கம் என்பது அவ்விளக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இத்திரட்டுகளிலிருந்து சின்கிளேர் கண்ட இன்னோர் உண்மை, சில வினைகள் நல்லதோடோ கெட்டதோடோ மிகுதியாகச் சேர்கின்றன என்பது. 'செட் இன்' என்ற தொடர் வினைக்குத் தொடங்கி நிலைபெறுதல் என்று பொருள். ஆனால் அழுகல், சோர்வு, மோசமான வானிலை போன்றவையே பெரும்பாலும் அதற்கு எழுவாயாக வருகின்றன. 'மகிழ்ச்சி செட் இன் ஆயிற்று' என்ற பொருளில் எழுதப்படும் ஆங்கில வாக்கியத்தில் இலக்கணம் சரியாகவே இருக்கும், காதுக்குத்தான் உறுத்தும். 'அவனுக்கு வெற்றி நேர்ந்தது' என்று ஒருவர் சொன்னால் தமிழ்க் காதுக்கு உறுத்துவது போன்றதே அது. 'நேர்' என்ற வினை தமிழில் விபத்துக்கும் துன்பத்துக்குமே மிகுதியும் உரியது.

தமிழருக்குக் கிடைத்த ஆங்கில–தமிழ் அகராதிகளில், அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட பேரகராதி பெரும் பணி. எனினும் நிகர்ச்சொல் தரும் மரபைச் சேர்ந்த எந்த நூலிலும் போலவே, வாக்கியச் சட்டம் அதன் நோக்கத்துக்கு அப்பாற்பட்டது. தமிழ்–தமிழ்த் துறையில் 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு சொல்லின் புழக்கத்தைக் காட்டும் வழியைத் திறந்தது. ஆங்கில வினைகளைத் தமிழ் மாணவருக்காக அதே முறையில் விளக்கும் அகராதி இன்னும் ஒரு தேவையாகவே நிற்கிறது.

வகுப்பறையில் செய்யத்தக்கது

மலேசியக் கல்வியின் அண்மை மாற்றங்கள் இத்தேவையைக் கூர்மையாக்கியுள்ளன. 2015 முதல் 2025 வரைக்குமான ஆங்கிலக் கல்விச் சீர்திருத்தத் திட்டம், ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட ஆறு படிநிலை அளவுகோலை ஏற்றுக்கொண்டு, தொடக்கப்பள்ளி முடிவில் ஏ2 நிலையையும் இடைநிலைப்பள்ளி முடிவில் பி1 அல்லது பி2 நிலையையும் இலக்காக வைத்தது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு முதல், இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வாகிய எஸ்.பி.எம்.மின் ஆங்கிலத் தாள், படித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு திறன்களையும் தனித்தனியே சோதிக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய் வழி இடைநிலைப் பள்ளிக்குப் போகும் மாணவர், சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் பயின்றும், ஐந்தாம் படிவத்தில் கதையும் கட்டுரையும் அறிக்கையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியவராகிறார். இலக்கணப் பிழை நீங்கிய எழுத்துக்கும் உயிருள்ள எழுத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க அங்கே சாயல் வினைகளே உதவுகின்றன.

அதற்கு நீண்ட சொற்பட்டியல் தேவையில்லை. ஒரு வினையைக் குறிப்பேட்டில் எழுதும்போது நான்கு செய்திகளை அதனோடு சேர்த்து எழுதிக்கொள்ளும் பழக்கம் போதும்: யார் செய்வது, யாரை அல்லது எதைச் செய்வது, எந்த இடைச்சொல் கூட வருவது, எத்தகைய பேச்சுக்கு உரியது. 'ஸ்னாட்ச்' என்றால், பறிப்பவர் எழுவாய். பறிபோகும் பொருள் செயப்படுபொருள். உடையவர் 'ஃப்ரம்' என்பதோடு வருவார். முயற்சி மட்டுமாயின் 'அட்' சேரும். பேச்சுக்கும் செய்திக்கும் ஏற்ற சொல். 'ஸ்கோல்ட்' என்றால், மேல்நிலையில் இருப்பவர் எழுவாய். தவறு செய்தவர் செயப்படுபொருள். காரணம் 'ஃபார்' என்பதோடு வரும். உள்ளூரில் விரிந்த பொருளும் உண்டு. இந்தக் குறிப்புகளுக்கு அருகே தமிழ் வாக்கியம் ஒன்றையும் மலாய் வாக்கியம் ஒன்றையும் எழுதினால், ஒத்துப்போகும் இடமும் விலகும் இடமும் மாணவருக்குத் தாமாகவே புலப்படும். இதற்குத் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பள்ளிக்குள் கலந்து பேசினாலே போதும். இரட்டைக்கிளவிப் பாடம் நடக்கும் வாரத்திலேயே ஆங்கில நடை வினைகளையும் அறிமுகப்படுத்துவதற்குத் தனிச் செலவு எதுவும் ஆகாது.

சாயல் வினைகளில் மூவார்த் தமிழ் மாணவருக்கு நேரும் பிழைகளில் பல, அறியாமையால் நேர்பவை அல்ல. வேறு மொழியின் ஒழுங்கை நன்றாக அறிந்திருப்பதால் நேர்பவை. ஆதலால் அவற்றைத் திருத்தத் தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது தவறான மருத்துவம். ஆங்கில வினையை நிகர்ச்சொல்லோடு கற்றவர் அதன் பொருளை அறிவார். வாக்கியத்தோடும் ஆளோடும் சூழலோடும் கற்றவரே அதைப் பிழையின்றிக் கையாள்வார். பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளிடம் இனி 'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'இதை யார், யாரிடம், எப்போது சொல்வார்?' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.